பூப்பறிக்கப் போகும் வீட்டுக்கு அன்றாடச் சமையல்

கேள்வி:

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நானும் என் வீட்டுக்காரரும் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறவர்கள். பங்குனி, சித்திரையில் பூ கொட்டும்போது ராத்திரி இரண்டு மணிக்கே எழுந்து, தலையில் லைட் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். அதற்குள் சோறும் குழம்பும் ஆக்கி வைத்துவிட்டுப் போனால்தான் பிள்ளைகளும் மாமியாரும் சாப்பிட முடியும். பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டு நாங்கள் வீடு திரும்ப ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். மத்தியானமும் அதே சாப்பாடுதான். வீட்டில் பிரிட்ஜ் இல்லை. வெயில் காலத்தில் குழம்பு மத்தியானத்துக்குள் நுரைத்துப் போகிறது.

எங்கள் மகளிர் குழுவில் கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு சமையல் சொல்லிக்கொள்வோம். அதில் ஒருத்தி வைக்கும் புளிக்குழம்பு அத்தனை ருசி. அவள் சொன்னபடியே வைத்தேன். ஒரு நாள் உப்புக் கரித்தது, மறுநாள் காரம் தாங்கவில்லை. கேட்டால் “எல்லாம் கண்ணளவுதான்” என்கிறாள். மாமியாரிடம் கேட்டாலும் அதே பதில். போனில் பார்க்கும் சமையலில் பன்னீர், குடைமிளகாய், ஏதேதோ சாஸ் கேட்கிறார்கள். அது எங்களுக்குக் கட்டாது. கொல்லையில் முருங்கை நிற்கிறது. வீட்டில் கொள்ளும் மொச்சையும் இருக்கிறது. சந்தையில் கத்தரிக்காய் கிடைக்கும். இவற்றை வைத்து லேசாகச் செய்யக்கூடிய சமையல் நாலைந்து சொல்லுங்கள். எங்கள் குழுவில் யார் செய்தாலும் ஒரே மாதிரி வர எப்படி எழுதிக்கொள்வது என்பதையும் சொல்லுங்கள். மகன் ஏழாவது, மகள் மூன்றாவது, இருவரும் அரசுப் பள்ளியில். மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது.

— ஒரு வாசகி, நிலக்கோட்டை வட்டாரம்

பதில்:

உங்கள் தோழி எதையும் மறைக்கவில்லை, உங்கள் கையிலும் குறை இல்லை. அவர் சொன்னதும் நீங்கள் செய்ததும் இரண்டு வேறு அளவுகள். முதலில் உப்பைப் பாருங்கள். அவர் வீட்டில் கல் உப்பும் உங்கள் வீட்டில் தூள் உப்புமாக இருக்கலாம். கல் உப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சந்து இருக்கும். ஆகவே அதே கரண்டியில் அள்ளினால் தூள் உப்புதான் எடை கூடுதலாக வரும். “ரெண்டு கரண்டி கல் உப்பு” என்றதை நீங்கள் தூள் உப்பில் போட்டால் கரிக்கத்தான் செய்யும்.

காரமும் இப்படித்தான். குழம்புத்தூள் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதம். சிலர் அரைக் கிலோ மிளகாய்க்கு ஒரு கிலோ மல்லி போட்டு மில்லில் அரைப்பார்கள், சிலர் இரண்டையும் சரிபாதி போடுவார்கள். முதல் வீட்டில் மூன்று கரண்டி போட்டால் ருசி, அடுத்த வீட்டில் அதே மூன்று கரண்டி கண்ணில் தண்ணீர் வரவழைக்கும். அதனால் சமையல் குறிப்பின் முதல் வரியாகத் தூள் அரைத்த விகிதத்தை எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது டம்ளரும் கரண்டியும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வீட்டு டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். எந்த டம்ளர் சரியாக ஐந்து முறை நிரம்புகிறதோ அது 200 மில்லி. அதையே சமையலுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். டீஸ்பூனுக்குக் கடைக்குப் போக வேண்டாம். பிள்ளைகளின் இருமல் மருந்தோடு வரும் சின்ன அளவுக் கிண்ணத்தில் 5 மில்லி என்று கோடு இருக்கும். நன்றாகக் கழுவிவிட்டு அந்தக் கோடு வரை தண்ணீர் எடுத்து ஒரு கரண்டியில் ஊற்றுங்கள். விளிம்பு தட்ட நிறைந்தால் அதுதான் டீஸ்பூன். குழுவில் உள்ள அத்தனை பேரும் இந்த இரண்டையும் சரிபார்த்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வீட்டில் பழைய ஆழாக்கு இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி, எட்டு ஆழாக்கு ஒரு படி.

எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வெளிவந்தது. வீட்டுப் பெரியவர்களின் கைக்குள் இருந்த பக்குவத்தை அளவாக்கி எழுதியதால்தான், ஊர்விட்டு ஊர் போன பெண்கள் அந்தப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். உங்கள் குழுவும் ஒரு நோட்டில் அதைச் செய்யலாம். ஒவ்வொரு குறிப்பிலும் மூன்று விஷயம் இருந்தால் போதும்: எவ்வளவு, எத்தனை நிமிடம், எந்த அடையாளம் தெரிந்தால் அடுத்த வேலை. மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். விறகடுப்பும் கேஸ் அடுப்பும் ஒரே வேகத்தில் எரியாது, ஆகையால் நிமிடத்தை மட்டும் நம்ப முடியாது. “எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்க வேண்டும்” என்று எழுதிவிட்டால் எந்த அடுப்பிலும் அது கைகொடுக்கும். குக்கருக்கு “நாலு விசில்” என்று எழுதுவதும் ஆளுக்கு ஆள் மாறும். முதல் விசில் வந்த பிறகு தீயைக் குறைத்து இத்தனை நிமிடம் என்று எழுதுங்கள்.

இனி உங்கள் அவசரத்துக்கு வருகிறேன். இரண்டு மணிக்கு ஆக்கியது மத்தியானம் ஒரு மணி வரை, அதாவது பதினொரு மணி நேரம், வெளியில் இருக்கிறது. அந்த நேரத்துக்குத் தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு தாங்காது. பருப்பும் தேங்காயும் சேர்ந்த சாம்பார், கூட்டு எல்லாம் சித்திரை வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். புளிக்குழம்பு தாங்கும், புளிப்பில் கிருமிகள் மெதுவாகத்தான் பெருகும். ஆகவே விடியலுக்கு முன் வைப்பது புளிக்குழம்பும் துவையலுமாக இருக்கட்டும், பருப்பும் தேங்காயும் ராத்திரிச் சமையலுக்கு. சமைத்ததை அடுப்பிலிருந்து இறக்கியதும் இறுக்கி மூடாதீர்கள். ஆவி உள்ளேயே தண்ணீராகச் சொட்டி அதுதான் முதலில் கெடுக்கும். ஆறியதும் மூடுங்கள். காலையில் சாப்பிட எடுப்பவர்கள் காய்ந்த கரண்டியால் வேறு பாத்திரத்துக்கு ஊற்றிக்கொண்டு, மீதியை ஒரு கொதி கொதிக்க வைத்துவிட்டால் மத்தியானத்துக்குப் பயமில்லை. அந்த வேலையை உங்கள் மாமியாரிடம் சொல்லிவைக்கலாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும், நுரைத்தது, நூல் விட்டது எதையும் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

மொச்சை கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. ஐந்து பேருக்கு இரண்டு வேளை வரும். காய்ந்த மொச்சை அரை டம்ளர் எடுத்து முந்தின நாள் சாயங்காலமே ஊறப்போடுங்கள். ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் குக்கரில் வையுங்கள். உங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பயறு எளிதில் மலராது. முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் பத்து நிமிடம். இதை ராத்திரிச் சமையலோடு முடித்துவைத்தால் விடியலில் அரைமணி நேரம் மிச்சம், ஆனால் படுக்கும் முன் ஒரு கொதி விட்டு மூடுங்கள். விரலால் நசுக்கினால் மாவாக நசுங்க வேண்டும். வேகாத மொச்சையைப் புளியில் போட்டால் எத்தனை கொதித்தாலும் விறைத்தே நிற்கும். புளிப்பு பட்ட பயறு அதற்குமேல் மலராது. நல்லபடி வேகவைத்த பிறகே புளி என்பதற்கு அதுதான் காரணம்.

புளி 30 கிராம், நடுத்தர எலுமிச்சை அளவு. வெந்நீரில் ஊறவைத்து மூன்று டம்ளர் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். மண்சட்டி இருந்தால் அதிலேயே வையுங்கள். நல்லெண்ணெய் எட்டு டீஸ்பூன் ஊற்றிக் காய்ந்ததும் கடுகு ஒரு டீஸ்பூன், வெந்தயம் கால் டீஸ்பூன், கறிவேப்பிலை. வெந்தயம் சிவக்கத்தான் வேண்டும், கறுத்தால் குழம்பு முழுக்கக் கசக்கும். திண்டுக்கல் சந்தையில் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சம் இல்லை. இருபது வெங்காயத்தை உரித்து முழுசாகப் போடுங்கள். பூண்டு பத்துப் பல். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. வாசனையும் காரமும் கூடுதல், விலையும் அப்படியே. சாதாரணப் பூண்டே இதற்குப் போதும். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் தக்காளி இரண்டு. அது குழைந்ததும் கால் கிலோ கத்தரிக்காயை நாலாகக் கீறிப் போட்டு மூன்று நிமிடம் வதக்குங்கள்.

மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், குழம்புத்தூள் ஆறு டீஸ்பூன். இது ஒரு பங்கு மிளகாய்க்கு இரண்டு பங்கு மல்லி போட்டு அரைத்த தூளுக்கான அளவு. சரிபாதி போட்ட தூள் என்றால் நாலு டீஸ்பூனோடு நிறுத்துங்கள். தூளை எண்ணெயில் அரை நிமிடம் புரட்டிவிட்டுப் புளிக்கரைசல், தலை தட்டிய இரண்டு டீஸ்பூன் தூள் உப்பு. பத்து நிமிடம் கொதித்துப் பச்சை வாசனை போனதும் மொச்சையைப் போட்டு இன்னும் பத்து நிமிடம். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் வளையம் கட்டி நிற்கும்போது சிறு நெல்லி அளவு வெல்லம் போட்டு இறக்குங்கள். எண்ணெயைப் பாதியாகக் குறைத்துவிடாதீர்கள். வெயிலில் மத்தியானம் வரை இந்தக் குழம்பு நிற்பதற்கு அதுவும் ஒரு துணை.

இதே குழம்பில் ஒரு கிண்ணம் மீந்தால் ராத்திரிக்கு முட்டைக் குழம்பாக மாற்றலாம். முதலில் மீதியை நன்றாகக் கொதிக்க வையுங்கள். தேங்காய்த் துருவல் நாலு டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன் அரைத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து முட்டையை ஒவ்வொன்றாக, தள்ளித் தள்ளி உடைத்து ஊற்றி மூடிவிடுங்கள். ஆறு நிமிடம் கரண்டி போடக் கூடாது. மஞ்சள் கரு கெட்டியானதும் இறக்கலாம். தேங்காய் சேர்ந்துவிட்டதால் இது அந்த ராத்திரியோடு முடிய வேண்டும்.

கொள்ளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஒரே வேகவைப்பில் ரசமும் துவையலும் தருவது அது. 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் கறி எடுக்க முடியாத வீட்டில் அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அரை டம்ளர் கொள்ளில் கல் பொறுக்கி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, நாலு டம்ளர் தண்ணீரில் முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் பதினைந்து நிமிடம். வடித்த தண்ணீர் ரசத்துக்கு. அதில் நெல்லி அளவு புளிக்கரைசல், நசுக்கிய தக்காளி ஒன்று, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், பூண்டு நாலு பல், உப்பு ஒரு டீஸ்பூன் போட்டு, நுரை கூடிப் பொங்கி வரும்போது இறக்கிக் கடுகு தாளியுங்கள். ரசத்தைக் கொதிக்கவிட்டால் வாசம் போய்விடும்.

வெந்த கொள்ளைத் துவையலாக்க, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் மிளகாய் வற்றல் நாலு, பூண்டு நாலு பல், கறிவேப்பிலை ஒரு கொத்து வதக்கி, துளிப் புளியும் முக்கால் டீஸ்பூன் உப்பும் சேர்த்துத் தண்ணீர் அதிகம் விடாமல் அம்மியிலோ மிக்சியிலோ கொரகொரப்பாக அரையுங்கள். விடியலில் அரைப்பதென்றால் தேங்காயை விட்டுவிடுங்கள். சோற்றில் பிசைந்து துளி நல்லெண்ணெய் விட்டுக் கொடுத்தால் வெஞ்சனம் கூடத் தேவையில்லை. உங்கள் மகன் முகம் சுளித்தால் தோசைக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்துப் பாருங்கள்.

கொல்லையில் முருங்கை நிற்கிற வீடு பாக்கியம் செய்தது. உங்கள் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து முருங்கைக்காய் எங்கெங்கோ லாரி ஏறுகிறது. கீரையோ மரத்திலேயே பழுத்து உதிர்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் ஆறு கிராம் புரதமும் உண்டு. வளரும் பிள்ளைகளுக்கும், கண்விழித்துக் குனிந்து வேலை பார்க்கிற உங்களுக்கும் வாரம் மூன்று நாள் இது தட்டில் இருக்க வேண்டும் என்பேன். இதில் நான் பிடிவாதக்காரி.

ராத்திரிச் சோற்றுக்குச் செய்யுங்கள். பாசிப்பருப்பு கால் டம்ளரை மலர வேகவையுங்கள். குழையக் கூடாது, உதிரியாக இருக்க வேண்டும். எண்ணெய் இரண்டு டீஸ்பூன், கடுகு, மிளகாய் வற்றல் இரண்டு, சின்ன வெங்காயம் பத்து நறுக்கியது. உருவிய கீரை இரண்டு கை நிறைய. அரை டீஸ்பூன் உப்பும் ஒரு கை தண்ணீரும் தெளித்து மூடாமல் கிளறுங்கள், ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். கீரை வேகும்போது சுருங்கும், அதனால் உப்பை முதலில் குறைத்துப் போட்டுக் கடைசியில் பார்த்துச் சேர்ப்பது நல்லது. பருப்பைக் கலந்து இரண்டு நிமிடம் புரட்டி இறக்கி, எலுமிச்சை அரை மூடி பிழியுங்கள். கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சையின் புளிப்பு உதவும். டீ அதற்கு நேர் எதிர். தோட்டத்தில் கண்விழிக்க டீ குடிப்பீர்கள், அது எனக்குத் தெரிகிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் மட்டும் டீயைத் தள்ளி வையுங்கள்.

பூ கொட்டும் மாதங்களில் அடுப்புப் பற்றவைக்கவே நேரம் இல்லாத நாட்களும் வரும். அதற்குப் பொடி. துவரம்பருப்பு ஒரு டம்ளர், பொட்டுக்கடலை அரை டம்ளர், மிளகாய் வற்றல் பத்து, மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் இரண்டு டீஸ்பூன், பெருங்காயம் சிறு துண்டு. பருப்பை எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் வாசம் வரும் வரை வறுங்கள், நிறம் பொன்னாக மாறும். மற்றவற்றைத் தனித்தனியாக வறுத்து எல்லாம் நன்றாக ஆறிய பிறகு, இரண்டு டீஸ்பூன் உப்போடு அரையுங்கள். சூட்டோடு அரைத்தால் ஈரம் சேர்ந்து கட்டி தட்டும். நிழலில் காயவைத்து நொறுங்கும் பதத்துக்கு வந்த முருங்கைக்கீரை ஒரு கையளவு சேர்த்தால் இன்னும் நல்லது. ஈரம் படாத டப்பாவில் ஒரு மாதம் வரும். சுடுசோறு, பொடி, நல்லெண்ணெய், ஒரு தக்காளி. ஒரு வேளைக்கு இது தாராளம்.

பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்படுவதாகத் தெரிகிறது. உங்கள் மகள் மூன்றாம் வகுப்பு, அரசுப் பள்ளி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பள்ளியிலேயே சூடாகக் கிடைக்கிறது. அவளை நேரத்தோடு கிளப்பி அங்கே சாப்பிட வையுங்கள், அது அவளுக்கு உரியது. இருவருக்கும் மத்தியானச் சத்துணவும் முட்டையும் உண்டு. ஆகவே விடியலில் ஐந்து பேருக்குமாக இரண்டு வேளை சமைக்கும் சுமை உங்களுக்கு வேண்டாம். மகனுக்குக் காலையில் ராத்திரி நீர் ஊற்றி வைத்த பழைய சோற்றில் மோர் விட்டு, சின்ன வெங்காயமும் மீந்த கொள்ளுத் துவையலும் கொடுக்கலாம். மிஞ்சிய சோற்றை அப்படியே மூடிவைப்பதுதான் தவறு. ஆறியதும் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும்.

அதே காலையில் உங்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. மல்லிகைக்கு மொட்டுப்புழுவுக்கும் சிலந்திக்கும் மருந்து அடிக்கிறார்கள். பறித்த கையோடு தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து டீயும் வடையும் சாப்பிடுவது பழக்கமாக இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். சின்னச் சோப்புத் துண்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் கூடையில் போகட்டும். வீடு வந்ததும் பறிக்கப் போன சேலையை மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு அடுப்படிக்குப் போங்கள்.

மாமியாருக்குத் தனிச் சமையல் வேண்டாம். இதே சாப்பாடுதான், அளவு மட்டும் மாறும். சோறு ஒரு கிண்ணம், அதற்கு ஒப்பாகக் கீரையோ காயோ ஒரு கிண்ணம், கொள்ளோ மொச்சையோ அரைக் கிண்ணம் என்று தட்டை நிரப்புங்கள். அவர் குழம்பில் வெல்லம் சேருமுன் தனியாக எடுத்துவைத்துவிடுங்கள். கேழ்வரகு நல்லதுதான், கால்சியம் அதில் மிகுதி. ஆனால் “கேழ்வரகு என்றால் சர்க்கரை ஏறாது” என்று நம்பிச் செம்பு செம்பாகக் கூழ் குடிக்கிறார்கள், அது சரியில்லை. நீர்க்கக் கரைத்த கூழைவிடக் களி மெதுவாகச் செரிக்கும். ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் கொதிக்க வைத்து, மாவைத் தூவிக் கட்டியில்லாமல் துடுப்பால் கிண்டுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். எலுமிச்சைப் பருமன் இரண்டு உருண்டை, கூடவே முருங்கைக்கீரைப் பொரியல். சர்க்கரை மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் என்றால் காலைச் சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது. நீங்கள் வரும்வரை காத்திருக்காமல் மாத்திரை நேரத்துக்கு அவர் சாப்பிட்டுவிட வேண்டும். உடம்பு வியர்த்து நடுங்கினால் உடனே கொடுக்க ஒரு சர்க்கரை டப்பா கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், மகனிடமும் அதைச் சொல்லிவையுங்கள்.

கடைசியாக, உங்கள் தோழியின் குழம்பு. அவரை “எவ்வளவு?” என்று கேட்டு எழுத முடியாது, அவருக்கே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு அடுப்படிக்குப் போங்கள். அவர் உப்பையும் தூளையும் கையில் அள்ளியதும் நேரே சட்டியில் போடவிடாமல் ஒரு தட்டில் போடச் சொல்லுங்கள். அங்கிருந்து டீஸ்பூனால் அளந்து எழுதிக்கொண்டு பிறகு சட்டிக்கு மாற்றுங்கள். புளி, எண்ணெய், தண்ணீர் எல்லாம் அப்படியே. மாமியாரின் துவையலையும் இதே மாதிரி எழுதுங்கள். எழுதியதை வைத்து இன்னொருவர் வீட்டில், இன்னொருவர் கையால் ஒரு முறை சமைத்துப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தில் ஓர் அடையாளம் எழுதாமல் விட்டிருப்பீர்கள், அதைச் சேர்த்த பிறகு நோட்டில் ஏற்றுங்கள்.